‘வரலாற்றில் இன்று’ பலகை எழுத வந்திருக்கிறீர்களா?

எங்கள் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மேலே குறள், நடுவில் அன்றைய செய்தி, கீழே ‘வரலாற்றில் இன்று’. பதினோரு வருடமாக அந்தக் கீழ்ப்பகுதி என் பொறுப்பில் இருந்தது. இந்த வருடம் எனக்கு மாறுதல் வந்துவிட்டதால், புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களிடம் சாக்பீஸையும் என் பழைய நோட்டையும் ஒப்படைத்தேன். அப்போது அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கிளை நூலகம், வாசகர் வட்டம், குடியிருப்புச் சங்கப் பலகை என்று எங்கே எழுதுபவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதல் வருடம் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். காலையில் போனில் வரும் பட்டியலில் நான்கு வரியைப் பார்த்து எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு செப்டம்பர் 11 அன்று ‘பாரதியார் நினைவு நாள்’ என்று எழுதினேன். அடுத்த வருடம் வேறொரு பட்டியலைப் பார்த்து அதையே செப்டம்பர் 12இல் எழுதினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சார், போன வருஷம் ஒரு நாள் முன்னாடியே இறந்துட்டாரே?” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலைதான் நோட்டு வாங்கினேன்.

முதலில் நோட்டு

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் உள்ள பழைய டைரி போதும். எந்த வருடத்து டைரியாக இருந்தாலும் கிழமையை அடித்துவிடுங்கள், தேதி மட்டும் இருக்கட்டும். பிப்ரவரி 29க்கு ஒரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலும், 1896இல் பிறந்த மொரார்ஜி தேசாயும் அந்தத் தாளில்தான் இருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் பக்கம் என்று விட்டுவிட்டால் அந்த ஒரு நாளில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வலையில் கிடைக்கும் பெரிய பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்கே நன்றாகத் தெரிந்த பத்து நிகழ்வுகளிலிருந்து தொடங்குங்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். நான் நிரப்பிய முதல் பக்கம் டிசம்பர் 22. புயலில் அழிந்த தனுஷ்கோடிக்காகத் திறந்த பக்கத்தில் கணிதமேதை ராமானுஜனும் வந்து உட்கார்ந்துகொண்டார் (அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22). இரண்டாவது பக்கம் பிப்ரவரி 24. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த நாள். உங்கள் ஊருக்கும் இப்படி இரண்டு மூன்றாவது இருக்கும். அவற்றை முதலில் எழுதிவிட்டால் மற்றவை வரும்.

அடுத்து, அன்று நடந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஒரு நிகழ்வுக்கு ஒரு தேதி என்று நினைக்கிறோம். ஆனால் முடிவெடுத்தது ஒரு நாள், கையெழுத்தானது ஒரு நாள், நடைமுறைக்கு வந்தது இன்னொரு நாள் என்று இருக்கும்.

நம் மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மொழிவழி மாநில எல்லை அமைந்தது 1956 நவம்பர் 1. ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18. பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இந்த மூன்றையும் ‘தமிழ்நாடு உருவான நாள்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றுமே பலகையில் வரலாம், வினைச்சொல் மட்டும் மாற வேண்டும். ‘எல்லை அமைந்தது’, ‘தீர்மானம் நிறைவேறியது’, ‘பெயர் நடைமுறைக்கு வந்தது’ என்று எழுதினால் சண்டையே இல்லை.

சென்னை ராயபுரம் ரயில் நிலையமும் அப்படித்தான். நிலையத்தை ஆளுநர் திறந்து வைத்தது 1856 ஜூன் 28. வாலாஜா ரோடு வரைக்கும் மக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. சென்னை மாநகராட்சிக்குச் சாசனம் தந்தது 1687 டிசம்பர் 30, மாநகராட்சி செயல்படத் தொடங்கியது 1688 செப்டம்பர் 29. அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. அதை நடைமுறைப்படுத்த ஜனவரி 26 வரை காத்திருந்ததற்குக் காரணம், 1930இல் அந்த நாளில்தான் நாடு முழுக்க முழு விடுதலை உறுதிமொழி எடுத்தார்கள். இந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், ‘இன்று குடியரசு தினம்’ என்பதைவிடப் பிள்ளைகள் கூடுதல் நேரம் நின்று படிப்பார்கள்.

‘தேசிய தினம்’, ‘உலக தினம்’ என்று வருபவற்றில் இன்னொரு பொறி இருக்கிறது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்றதும் அது சர் சி.வி. ராமன் பிறந்த நாள் என்று எழுதிவிடுகிறார்கள். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது. அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. செப்டம்பர் 5 ஆசிரியர் நாள் என்று ராதாகிருஷ்ணனை மட்டும் எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1872இல் அதே நாளில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யை விட்டுவிட்டுத் தென்மாவட்டப் பள்ளியில் எப்படிப் பலகை எழுதுவது?

நள்ளிரவைத் தாண்டியவை

பாரதிக்கு வருவோம். அவர் உயிர் பிரிந்தது செப்டம்பர் 11ஆம் தேதி இரவு கழிந்து, அதிகாலை ஒன்றரை மணி அளவில். கடிகாரத்தின்படி 1921 செப்டம்பர் 12. நம் வழக்கத்தில் விடிந்தால்தான் அடுத்த நாள், அதனால் 11 என்றே நீண்ட காலம் நினைவு நாள் கொண்டாடினார்கள். 2021இல் தமிழ்நாடு அரசும் செப்டம்பர் 11ஐத்தான் மகாகவி நாளாக அறிவித்தது. அந்தப் பெண்ணுக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான்: “இரண்டு வருஷமும் சரி, ஆனா ரெண்டு தடவையும் சார் காரணத்தை எழுதலை.” இப்போது 11ஆம் தேதி ‘மகாகவி நாள்’ என்றும் 12ஆம் தேதி ‘அதிகாலையில் மறைந்தார்’ என்றும் எழுதுகிறேன்.

தனுஷ்கோடிப் புயலும் இதே கணக்குதான். 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி 23 விடிவதற்குள் ஊர் போய்விட்டது. பாம்பனிலிருந்து 22ஆம் தேதி இரவு புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலை அடித்துப் போனது. சில இடங்களில் 22 என்றும் சில இடங்களில் 23 என்றும் பார்ப்பீர்கள். இரண்டில் ஒன்றைத் தப்பு என்று அடிக்க வேண்டாம். இரவில் நடந்தது என்றால் என் நோட்டில் இரண்டு தேதியையும் கோடு போட்டு இணைத்து எழுதுவேன்: 22/23. பலகையில் முதல் தேதியில் எழுதி ‘இரவு’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுவேன். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசியதும் (1914 செப்டம்பர் 22) இரவுதான், ஆனால் அது நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிட்டதால் சிக்கல் இல்லை.

எந்த ஊர்க் கடிகாரம்?

மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது இரவு 10.56. நம் ஊரில் ஜூலை 21 காலை 8.26, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். எந்தத் தேதியில் எழுதுவது என்று கேட்டால், நிகழ்வு நடந்த இடத்தின் தேதி என்பது என் பொது விதி. நிலவில் நடந்ததற்கு அந்த விதி செல்லாது என்பது வேறு விஷயம். அதற்கு மட்டும் ஜூலை 20 என்று உலக வழக்கில் எழுதி, ‘நம் நேரம் மறுநாள் காலை’ என்று சேர்க்கிறேன்.

அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மீது ஜப்பான் நடத்திய தாக்குதல் இன்னும் சுவையானது. ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானில் அது டிசம்பர் 8. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8 நள்ளிரவுக்குச் சற்றுப் பின். தேதியைப் பார்த்தால் கோத்தா பாரு ஒரு நாள் பிந்தியது போலத் தெரியும். உண்மையில் அதுதான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. மலாயாவில் சொந்தக்காரர்கள் இருந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். ஒரு வருடம் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, “எது முதலில்?” என்று மட்டும் கேட்டு வைத்தேன். மதிய இடைவேளைக்குள் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேர் வந்துவிட்டார்கள்.

எந்த நாட்காட்டி?

இதில்தான் பொறுமை வேண்டும். 1582க்கு முன்பு ஐரோப்பா முழுக்க ஜூலியன் நாட்காட்டி. அதில் ஆண்டின் நீளம் இம்மியளவு கூடுதல் என்பதால், நூற்றாண்டுகள் போகப்போகப் பருவத்துக்கும் தேதிக்கும் பத்து நாள் இடைவெளி விழுந்துவிட்டது. போப் கிரகோரி அதைச் சரிசெய்தபோது இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஆவிலா நகரத்துப் புனித தெரசா இறந்தது சரியாக அந்த இரவில். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15தான்.

போப் சொன்னதை இங்கிலாந்து உடனே கேட்கவில்லை. 170 வருடம் கழித்து 1752இல்தான் மாறியது: செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். ரஷ்யா 1918 வரை இழுத்தது. அதனால்தான் பழைய கணக்கில் அக்டோபர் 25 அன்று நடந்த ‘அக்டோபர் புரட்சி’யை நாம் நவம்பர் 7இல் எழுதுகிறோம்.

இது ஐரோப்பியர்களின் கதை, நமக்கென்ன என்று தோன்றும். சென்னையிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்? 1746இல் அந்தத் தூரத்துக்குள் 11 நாள் வித்தியாசம் இருந்தது. சென்னையில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியிலும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியிலும் எழுதினார்கள். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனேயிடம் சென்னைக் கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயருக்கு செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு செப்டம்பர் 21. அதே நாட்களில் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய வருடத்துப் புரட்டாசி மாதம். ஒரே நாளுக்கு மூன்று பெயர். எனக்கு இந்தப் பக்கம் மிகவும் பிடிக்கும். செப்டம்பர் 21இல்தான் எழுதுவேன், மற்ற இரண்டையும் கீழே சின்னதாகப் போடுவேன்.

ஆங்கிலேயர் விஷயத்தில் இன்னொரு கோணலும் உண்டு. 1752க்கு முன் அவர்களுடைய ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் முந்தைய ஆண்டின் கணக்கில்தான் சேரும். சென்னைக்கான நிலக்கொடை 1639 ஆகஸ்ட் 22 என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குடியேற வந்திறங்கியது பிப்ரவரி 20. அதைப் பழைய ஆவணக் கணக்கில் 1639 என்று பார்த்தால், நிலம் கிடைக்கும் முன்பே குடியேறிவிட்டார்களோ என்று குழம்புவோம். நம் கணக்கில் அது 1640. ஆகஸ்ட் 22 என்பதிலும் பேச்சு இருக்கிறது. ஆவணத்தில் ஜூலை 22 என்று காணப்படுகிறது, ஆனால் நிலத்தைப் பெற்ற கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இந்தக் கரைக்கே ஜூலை கடைசியில்தான் வந்தார் என்பதால் ஆகஸ்ட் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சென்னை நாள் கொண்டாட இது போதும். பலகையில் எழுதும்போது ‘என்று கொள்ளப்படுகிறது’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், மனசாட்சி உறுத்தாது.

தமிழ் மாதத் தேதிகளை ஆங்கிலத் தேதிக்கு மாற்றும்போதும் கவனம். விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர், தேதி 1863 ஜனவரி 12. இன்றைய பொங்கல் 14 அல்லது 15இல் வருகிறதே என்று பார்த்துத் தேதியைத் திருத்திவிடாதீர்கள். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம், ஏறக்குறைய அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் நகரும். 1863இல் தை பிறந்ததே ஜனவரி 12இல்தான்.

கல்வெட்டுத் தேதிகளை நான் பலகைக்குக் கொண்டுவருவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் கலசம் கொடுத்தது அவனுடைய இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டே சொல்கிறது. எவ்வளவு துல்லியம்! ஆனால் அவன் பட்டத்துக்கு வந்ததே 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் ஏதோ ஒரு நாள் என்றுதான் கணித்திருக்கிறார்கள். ஒரு மாதம் ஆடுகிற தொடக்கத்திலிருந்து 275 நாள் எண்ணி எந்தத் தேதியில் நிறுத்துவது? அப்படிப்பட்டவற்றுக்கு ராஜராஜன் பிறந்த ஐப்பசி சதயம் மாதிரி நட்சத்திர நாள்தான் சரி. அதை அந்தந்த வருடம் காலண்டர் பார்த்து எழுதுங்கள்.

சரிபார்க்க மூன்று சின்ன வழி

புத்தகம் பார்க்க நேரமில்லாத காலையிலும் இவற்றைச் செய்யலாம். ஒன்று, வயதைக் கழித்துப் பாருங்கள். ராமானுஜன் இறந்தது 1920 ஏப்ரல் 26. 1920இலிருந்து 1887ஐக் கழித்து 33 வயது என்று எழுதுவார்கள். டிசம்பர் வராததால் 32தான். பாரதிக்கும் 39 நிறையவில்லை.

அடுத்தது கிழமை. பழைய செய்தியில் கிழமை இருந்தால் அது பெரிய சாட்சி. எந்த வருடத்திலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஆகிய ஐந்து நாளும் ஒரே கிழமையில் வரும். 1947இல் அது வெள்ளி. எனவே ஆகஸ்ட் 8 வெள்ளி, ஆகஸ்ட் 15உம் வெள்ளி. 2004இல் அது ஞாயிறு, ஆழிப்பேரலை வந்த டிசம்பர் 26உம் ஞாயிறு. இன்னொன்று, நம் காலத்தில் 28 வருடத்துக்கு ஒருமுறை காலண்டர் அப்படியே திரும்பும். 1964, 1992, 2020 மூன்றுக்கும் ஒரே காலண்டர். தனுஷ்கோடி அழிந்த இரவு செவ்வாய்க்கிழமை என்று அப்படித்தான் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

மூன்றாவது, இரண்டு இடத்தில் பார்ப்பது. இரண்டு பட்டியல் ஒரே மாதிரி சொல்வதால் அது இரண்டு சாட்சி ஆகிவிடாது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கும். எழுத்துப்பிழைகூட ஒன்றாகவே இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

பலகையில் ஏற்றுவது

ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பிறந்தவர், இறந்தவர் பெயர்களை அடுக்கினால் அது வாக்காளர் பட்டியல் போல ஆகிவிடும். நவம்பர் 7ஐ நான் முதலில் எழுதியது இப்படி:

‘சர் சி.வி. ராமன் பிறந்த நாள். மேரி கியூரி பிறந்த நாள். ரஷ்யப் புரட்சி நாள்.’

பிறகு மாற்றியது:

‘1867: வார்சாவில் மேரி கியூரி பிறந்தார். 1888: திருச்சியில் ராமன் பிறந்தார். இருவரும் இயற்பியலுக்கான நோபல் பெற்றவர்கள். இருவரில் யார் இரண்டு நோபல் பெற்றார்?’

ரஷ்யாவை வேறு ஒரு வருடத்துக்கு வைத்துக்கொண்டேன். நோட்டு இருப்பதில் இதுதான் வசதி, எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. எந்த வருடம் எதை எழுதினீர்கள் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

துயரமான நாட்களை விட்டுவிடலாமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். டிசம்பர் 25 என்றால் கிறிஸ்துமஸ், சரி. 1968இல் அதே இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்று பள்ளி விடுமுறை என்பது நமக்கு ஒரு சாக்கு. விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் ‘வரும் நாட்களில்’ என்று தலைப்பிட்டு எழுதிவிடுவேன். சின்னப் பிள்ளைகளுக்கு விவரம் வேண்டாம். எண்ணிக்கை, ஊர், கூலி உயர்வு கேட்டவர்கள் என்பது போதும். சொல்லை மட்டும் மழுப்பக் கூடாது. ‘உயிரிழந்தனர்’ என்று எழுதினால் தீ தானாகப் பிடித்தது போல ஆகிவிடும்.

தப்பாக எழுதிவிட்டால்? எழுதுவீர்கள். அதே பலகையில், அதே அளவு எழுத்தில், மறுநாள் ‘திருத்தம்’ என்று போட்டுச் சரியானதை எழுதுங்கள். கண்டுபிடித்த பிள்ளையின் வகுப்பையும் எழுதினால் அந்த வாரம் முழுக்க பலகை முன்னால் கூட்டம் நிற்கும், உங்களிடம் இன்னொரு தப்பு கிடைக்குமா என்று.

என் நோட்டில் மே மாதப் பக்கங்கள் பெரும்பாலும் காலி. கோடை விடுமுறையில் யார் எழுதுவது, யார் படிப்பது? மே 31 பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து இல்லாத நான்கு வரி இருக்கும். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து படித்த ஒரு மாணவன் எழுதியது. 1981 மே 31 – ஜூன் 1, எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள். பள்ளி திறந்த முதல் நாள் காலை வந்து, “சார், இது லீவுல போயிருச்சு. இன்னைக்கு எழுதலாமா?” என்று கேட்டான். தேதியை மாற்றாமல், அப்படியே எழுதச் சொன்னேன்.